இரண்டு ஊசியும் ஓர் உருண்டைக் கம்பளியும்

தீபாவளி கழிந்து கார்த்திகை பிறந்துவிட்டால், தலைநகரில் வாழும் நம்மவர் வீடுகளில் ஒரு சடங்கு தவறாமல் நடைபெறும். எட்டு மாத காலமாகக் கட்டிலுக்கு அடியில் உறங்கிக்கொண்டிருந்த டிரங்குப் பெட்டியை வெளியே இழுத்து வைப்பார்கள். மூடியைத் திறந்ததும் நாப்தலீன் உருண்டையின் நெடி வீடெங்கும் பரவும். ஒவ்வொன்றாக ஸ்வெட்டர்கள் வெளிவந்து மொட்டைமாடி வெயிலில் காயும். சென்ற ஆண்டு சரியாக இருந்தது இந்த ஆண்டு குழந்தைக்கு முழங்கைவரைதான் எட்டுகிறது என்று தெரியவரும். "அது சின்னவனுக்கு ஆகும், பெரியவனுக்குப் புதிதாக ஒன்று வேண்டும்" என்று வீட்டுக்காரி கணக்குப் போடுவாள்.

நம் முன்னோர்களுக்கு இந்தச் சடங்கு தெரியாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாழ்பவர்களை விட்டுவிட்டால், தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு மார்கழிப் பனிக்குத் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வதே போதுமானதாக இருந்தது. சென்னையில் ஜனவரி மாதத்தில் இரவின் சராசரி வெப்பம் 20 அல்லது 21 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. தில்லியிலோ அதே மாதத்தில் அது 7, 8 டிகிரி. இந்த வேறுபாட்டை ரயிலை விட்டு இறங்கிய முதல் குளிர் காலத்தில் நம்மில் ஒவ்வொருவரும் உடம்பால் அறிந்திருக்கிறோம். "ஸ்வெட்டர்" என்பதற்கு நாம் சொந்தமாக ஒரு சொல் தேடாமல் இருந்ததும் இதனால்தான். தேவை இருந்தால் அல்லவா சொல் பிறக்கும்!

ஆனால் பொருள் புதிதானாலும் அதைச் செய்யும் கைத்திறன் நமக்கு அவ்வளவு புதிதன்று. இதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

வெயிலில் ஒரு பள்ளிக்கூடம்

தில்லிக்கு வந்து பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். குளிர் காலத்து மத்தியான வெயிலில், குடியிருப்புகளின் புல்தரையிலும் மொட்டைமாடியிலும் கயிற்றுக் கட்டில்களைப் போட்டுக்கொண்டு பெண்கள் அமர்ந்திருப்பார்கள். ஒருத்தி பட்டாணி உரிப்பாள். மற்றொருத்தி ஆரஞ்சுச் சுளையைக் குழந்தைக்கு ஊட்டுவாள். மீதி அத்தனை பேர் கையிலும் இரண்டு ஊசிகள் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். பேச்சு ஒரு பக்கம், பின்னல் ஒரு பக்கம். பஸ்ஸிலும் அலுவலகத்து உணவு இடைவேளையிலும்கூடப் பைக்குள்ளிருந்து ஒரு நூல் இழை வெளியே வந்துகொண்டிருக்கும். இன்று அக்காட்சி அருகிவிட்டது.

1962-ஆம் ஆண்டு அக்டோபரில் சீனப் படையெடுப்பு நேர்ந்தபோது, இமயமலையின் உச்சியில் நின்ற நம் ஜவான்களுக்குக் குளிரைத் தாங்கும் உடை போதிய அளவு இல்லை. அப்போது நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டரும் மப்ளரும் காலுறையும் பின்னி அனுப்பினார்கள். யாருக்கென்று தெரியாமலேயே, ஏதோ ஒரு தாயின் மகனுக்கென்று பின்னிய ஸ்வெட்டர்கள் அவை. வீட்டு மூலையில் இருந்து செய்யும் வேலை வீட்டோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நமக்குப் புதிதன்று

பின்னல் என்பது என்ன? நெசவில் பாவு என்றும் ஊடை என்றும் இரு வகை நூல்கள் உண்டு. பின்னலில் ஒரே நூல்தான். அந்த ஒரு நூலைக் கண்ணி கண்ணியாக வளைத்து, ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியை இழுத்துக்கொண்டே போவதுதான் முழு வித்தையும். எகிப்து நாட்டில் கிடைத்துள்ள பருத்திக் காலுறைகள் சில ஏறக்குறைய 800, 900 ஆண்டுகளுக்கு முன் இம்முறையில் பின்னப்பட்டவை. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் 1589-இல் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். எலிசபெத் அரசியின் ஆதரவு அதற்குக் கிட்டவில்லை. அவர் பிரான்சு தேசத்துக்குப் போகவேண்டியதாயிற்று.

அந்தப் பொறியின் வழித்தோன்றல்களே இன்று நம் திருப்பூரில் ஓடுகின்றன. தமிழர் ஒவ்வொருவரும் அணியும் பனியன் பின்னலாடைதான்! வீட்டிலுள்ள பனியன் ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். முன்புறம் சிறு சிறு "வி" எழுத்துக்கள் வரிசையாக நிற்கும். பின்புறம் அலை அலையாக மேடு தெரியும். நீங்கள் பின்னும் ஸ்வெட்டரிலும் இதே கண்ணிகள்தாம். அது பருத்தி, இது கம்பளி. அது பொறி, இது கை. வேறு வித்தியாசமில்லை.

நாகர்கோவிலில் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அது அன்றைய ஏழைப் பெண்கள் பலருக்குச் சொந்தமாக நாலு காசு சம்பாதிக்க வழி காட்டியது. அண்மைக் காலத்தை எடுத்துக்கொண்டாலோ, தமிழ்நாட்டுக் கிராமத் திண்ணைகளில் ஒயர் கூடை பின்னாத பெண்கள் குறைவு. சிவன் கண் என்றும் நெல்லிக்காய் என்றும் பிஸ்கட் என்றும் அந்த முடிச்சுகளுக்குத்தான் எத்தனை பெயர்கள்! இவ்வளவுக்கும் மேலாக, பூக் கட்டும் கை நம்முடையது. புள்ளி வைத்துக் கோலம் போடும் கண் நம்முடையது. இவை இரண்டும் கம்பளிப் பின்னலுக்கு எவ்வளவு உதவும் என்பதை என் தாயாரிடம்தான் கண்டேன்.

அம்மாவின் முதல் குளிர் காலம்

1994-ஆம் ஆண்டு என் தந்தையார் காலமானார். ஊரில் அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் தில்லிக்கு அழைத்து வந்தோம். அப்போது அவருக்கு வயது 66. மாயவரத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாசலும் கொல்லையுமாக வாழ்ந்தவரை, மூன்றாம் மாடிக் குடியிருப்பில் இரண்டு அறைகளுக்குள் கொண்டுவந்து வைத்தோம். ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. நானும் என் கணவரும் அலுவலகம் போய்விடுவோம், குழந்தைகள் பள்ளிக்கூடம். மாலையில் நாங்கள் திரும்பும்போது, காலையில் எந்த நாற்காலியில் இருந்தாரோ அதே நாற்காலியில் இருப்பார்.

வாரத்துக்கு ஒரு முறை, "எனக்கு ஜி.டி.யில் ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடு" என்பார். "இங்கே உனக்கு என்ன குறை அம்மா?" என்று கேட்டேன் ஒரு நாள். "குறை ஒன்றும் இல்லையடி. நான் ஒரு பெட்டி மாதிரி இருக்கிறேன். வைத்த இடத்தில் இருக்கிறேன்" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சோறும் மருந்தும் படுக்கையும் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணியிருந்தேன். ஐம்பது ஆண்டுகள் ஓயாமல் வேலை செய்த இரண்டு கைகளை நாங்கள் மடியில் கட்டிப்போட்டுவிட்டோம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

எதிர் வீட்டில் ஒரு பஞ்சாபி அம்மையார் இருந்தார். அவருக்கும் ஏறக்குறைய அதே வயது. ஜனவரி மாதத்தில் ஒரு மத்தியானம், அவர் அம்மாவின் கையைப் பிடித்து மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று, வெயிலில் பாயை விரித்து உட்காரவைத்து, மிளகாய்ப்பழச் சிவப்பில் ஓர் உருண்டைக் கம்பளியையும் இரண்டு ஊசிகளையும் மடியில் வைத்தாராம். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. ஆனால் கை பேசும் பாஷைக்கு அகராதி எதற்கு?

நூலை விரலில் எப்படிச் சுற்றிக்கொள்வது என்பதுதான் புதிதாகக் கற்பவர்களுக்கு முதல் இடர். இறுக்கினால் ஊசி நுழையாது. தளர்த்தினால் கண்ணி தொளதொளத்துப் போகும். எனக்கு அது வசப்பட ஒரு மாதம் ஆயிற்று. அம்மாவுக்கு ஒரு நாழிகைகூட ஆகவில்லை. வாழை நாரை விரலிடுக்கில் இழுத்து மல்லிகையைக் கட்டிக் கட்டிப் பழகிய கை அல்லவா? நூலின் இறுக்கம் அந்த விரலுக்குத் தானாகவே தெரிந்திருந்தது. எதிர் வீட்டு அம்மையார் கையைத் தட்டி ஆரவாரம் செய்தார் என்று என் மகன் மாலையில் வந்து சொன்னான்.

அம்மா கற்ற ஹிந்தி இப்படித் தொடங்கியது. ஊசிக்கு "ஸலாய்", கம்பளிக்கு "ஊன்", கண்ணிக்கு "பந்தா", நேர்ப்பின்னலுக்கு "ஸீதா", புரட்டுப் பின்னலுக்கு "உல்டா". ஐந்து வார்த்தைகள். அவற்றை வைத்துக்கொண்டு இரண்டு கிழவிகளும் ஒரு குளிர் காலம் முழுவதும் பேசினார்கள். மறு ஆண்டு அந்த ஐந்து வார்த்தைகள் ஐம்பது ஆயின.

தலை நுழையாத ஸ்வெட்டர்

முதலில் ஒரு மப்ளர் முடிந்தது. அடுத்தாற்போல் பேரனுக்கு முழுக்கை ஸ்வெட்டர். முன்புறம், பின்புறம், கைகள் எல்லாம் அழகாக அமைந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை, வீடே கூடி நிற்க, குழந்தைக்கு அதைப் போட்டுப் பார்த்தோம். தலை நுழையவில்லை! பாதி நெற்றியில் சிக்கிக்கொண்டு, உள்ளிருந்து அவன் அலறினான். இழுத்து வெளியே எடுப்பதற்குள் காது இரண்டும் சிவந்துவிட்டன. அதன் பிறகு சில நாட்கள் அவன் சிவப்புக் கம்பளியைக் கண்டாலே ஓட்டம் பிடித்தான்.

நான் மிகவும் வருந்தினேன். மூன்று வார உழைப்பு வீணாயிற்றே என்று அம்மா மனம் உடைந்துவிடுவாரோ, மறுபடியும் அந்த நாற்காலிக்கே போய்விடுவாரோ என்று பயந்தேன். அவரோ மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கழுத்து விளிம்பில் ஒரு நுனியைத் தேடிப் பிடித்துச் சரசரவென்று பிரிக்கத் தொடங்கினார். "ஐயோ அம்மா!" என்றேன். "பிரித்தால் என்ன? நூல் எங்கே போகிறது?" என்றார்.

அவ்வார்த்தையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். தைத்த துணியைத் தவறாக வெட்டிவிட்டால் வெட்டியதுதான். சமையலில் உப்புக் கூடிவிட்டால் கூடியதுதான். பின்னலில் மட்டும் எந்தத் தவற்றையும் அது தொடங்கிய இடம்வரை திரும்பிச் சென்று திருத்தலாம். வயதான காலத்தில் புதிதாக ஒன்றைக் கற்பவருக்கு இதைவிட இரக்கமுள்ள ஆசிரியர் கிடையாது.

கழுத்து ஏன் இறுகியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு இது. குழந்தையின் தலை உடம்பைக் காட்டிலும் அவ்வளவு சிறியதன்று. மார்பின் சுற்றளவு 60 சென்டிமீட்டர் என்றால், தலையின் சுற்றளவு 51 அல்லது 52 இருக்கும். கழுத்துப் பட்டை விரிந்து அதற்கு இடம் கொடுக்க வேண்டும். ஆகவே, பட்டையை ஒரு நேர், ஒரு புரட்டு என்று மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும். அது ரப்பரைப் போல் நீளும். கடைசி வரிசையை முடிக்கும்போது ஒரு பருமன் கூடிய ஊசியால் தளர்த்தி முடிக்க வேண்டும். அம்மா கடைசி வரிசையை மாலை கட்டி முடிச்சிடுவதுபோல் இறுக்கிவிட்டார். அவ்வளவுதான்.

நசுங்கிய கோலம்

இரண்டாவது குளிர் காலத்தில் அம்மாவுக்கு ஓர் ஆசை பிறந்தது. பேத்தியின் ஸ்வெட்டரில் மார்புப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் கோலம் வைக்க வேண்டும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் கோலத்தை வரைந்து, ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி என்று எண்ணி, வெள்ளை நூலைச் சேர்த்துப் பின்னினார். பார்த்தால் நட்சத்திரம் நசுங்கிப் போயிருந்தது. அகலம் சரி, உயரம் போதவில்லை.

அம்மா ஒரு நாள் முழுவதும் யோசித்தார். பிறகு அளவுகோலை வாங்கி அளந்து பார்த்தார். 10 சென்டிமீட்டர் அகலத்தில் 28 கண்ணிகள் இருந்தன. 10 சென்டிமீட்டர் உயரத்திலோ 36 வரிசைகள் இருந்தன. கண்ணி என்பது சதுரமன்று. அகலம் மிகுந்து உயரம் குறைந்தது. ஆகவே 7 கண்ணி அகலத்துக்கு 9 வரிசை உயரம் வைத்தால்தான் சதுரம் கிடைக்கும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத என் தாயார் இக்கணக்கைத் தாமாகவே கண்டுபிடித்தபோது அவர் முகத்தில் தோன்றிய பூரிப்பை என்னால் எழுத்தில் கொண்டுவர இயலாது. எதிர் வீட்டு அம்மையாருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். குரு சிஷ்யையானார், சிஷ்யை குருவானார்.

மூன்றாம் ஆண்டு ஒரு திருமணத்துக்காக அம்மா ஊருக்குப் போனார். ஒரு மாதம் இருப்பதாகத் திட்டம். மூன்றாம் வாரம் தொலைபேசியில் பேசினார்: "ஐப்பசிக்குள் வந்துவிடுகிறேன், டிக்கெட் எடுத்துவிடு. கம்பளி எல்லாம் விலை ஏறிவிடும்." ஊர் நினைவு அவரை விட்டுப் போய்விட்டது என்று நான் சொன்னால் பொய்யாகும். கடைசிவரை அது இருந்தது. ஆனால் இங்கும் அவருக்காக ஒரு வேலை காத்திருந்தது.

தொடங்குவோருக்குச் சில குறிப்புகள்

பின்னல் ஊசிகளுக்கு நம் நாட்டுக் கடைகளில் எண் உண்டு. எண் ஏற ஏற ஊசி மெலியும். 8-ஆம் எண் 4 மில்லிமீட்டர் பருமன். 10-ஆம் எண் மூன்றேகால். 12-ஆம் எண் இரண்டே முக்கால். ஸ்வெட்டரின் அடிப் பட்டைக்கும் மணிக்கட்டுப் பட்டைக்கும் 12-ஆம் எண்ணும், உடலுக்கு 10-ஆம் எண்ணும் கொள்வது நம் பக்கத்து வழக்கம்.

முதல் முயற்சிக்கு மப்ளரே சிறந்தது. சற்றுத் தடித்த நூலும் 8-ஆம் எண் ஊசியும் கொள்க. 40 கண்ணிகள் ஏற்றி, எல்லா வரிசையும் நேர்ப்பின்னலாகவே பின்னிக்கொண்டு போகலாம். ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் அகலம் வரும். இவ்வகைப் பின்னலில் ஓரம் சுருளாது. ஒரு வரிசை நேர், ஒரு வரிசை புரட்டு என்று பின்னினால் முன்புறம் வழவழப்பாக இருக்கும். ஆனால் ஓரங்கள் அப்பளம்போல் சுருண்டுகொள்ளும். மப்ளருக்கு அது ஆகாது.

ஸ்வெட்டருக்குப் போகுமுன் அதே நூலிலும் ஊசியிலும் ஒரு சிறு சதுரம் பின்னி, 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு விதம். பக்கத்து வீட்டுக்காரியின் எண்ணிக்கை உங்களுக்குப் பொருந்தாது. 28 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். மார்பு 60 சென்டிமீட்டர். தளர்வுக்கு 5 கூட்டினால் 65. முன்புறம் அதில் பாதி, முப்பத்திரண்டரை. அதற்கு 91 கண்ணிகள். இவ்வளவுதான் கணக்கு. மளிகைச் சீட்டு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது எம்மாத்திரம்?

கம்பளியின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டு ரோமம் நெளிநெளியாக இருப்பதால் இழைகளுக்கிடையே காற்று தங்கும். அக்காற்றே நமக்கு வெதுவெதுப்பு. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. ஆனால் அந்த ரோமத்தின்மேல் மீன் செதில்போல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரில் போட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று பிணைந்து ஸ்வெட்டர் பொம்மைக்கு ஆகும் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகையால் குளிர்ந்த நீரிலோ லேசான வெதுவெதுப்பிலோ, பூந்திக்கொட்டை நுரையில் அமுக்கி அலச வேண்டும். முறுக்கிப் பிழியலாகாது, கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். துண்டில் சுற்றி ஈரத்தை ஒற்றியெடுத்துப் பாயில் பரப்பி நிழலில் உலர்த்துவதே முறை. கேஷ்மிலான் என்று கடைகளில் வழங்கும் செயற்கை நூலுக்கு இவ்வளவு உபசாரம் வேண்டியதில்லை, விலையும் குறைவு, குழந்தைகளின் முரட்டு உபயோகத்துக்கு ஏற்றது. வெதுவெதுப்பில் மட்டும் அது கம்பளிக்கு ஈடாகாது.

கோடையில் பெட்டிக்குள் வைக்குமுன் துவைத்து வைப்பது முக்கியம். கம்பளியை அரிப்பது பறக்கும் அந்துப்பூச்சி அன்று, அதன் புழு. வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தையே அது முதலில் நாடும்.

லாபமா, நஷ்டமா?

கைப்பின்னல் ஸ்வெட்டர் கடை ஸ்வெட்டரைக் காட்டிலும் மலிவு என்று நான் சொல்லமாட்டேன். லூதியானா ஆலைகளில் பின்னியது குளிர் காலச் சந்தைகளில் எளிதில் கிடைக்கிறது. நல்ல கம்பளி நூல் வாங்கும் பணத்திலேயே அதை வாங்கிவிடலாம். நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். மேற்சொன்ன குழந்தை ஸ்வெட்டரில் மொத்தம் சுமார் 35,000 கண்ணிகள் இருக்கும். நிமிஷத்துக்கு 30 கண்ணி பின்னினால் ஏறக்குறைய 20 மணி நேரம். நாளைக்கு ஒரு மணி என்றால் மூன்று வாரம்.

இக்கணக்கை இரண்டு காரணங்களுக்காகச் சொல்கிறேன். ஒன்று: யாரேனும் ஒரு பெண்மணி கூலிக்குப் பின்னிக் கொடுத்தால், அவருடைய 20 மணி நேரத்தை மனத்தில் கொண்டு பணம் கொடுங்கள். "வீட்டில் சும்மா இருக்கும்போது செய்வதுதானே" என்று பேரம் பேசுவது நியாயமன்று. கையின் உழைப்பு அது திண்ணையில் நடந்தாலும் உழைப்பே.

இரண்டு: இந்த 20 மணி நேரத்தை நஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள். மற்றபடி அந்த நேரம் எங்கே போகிறது என்பதை நம் கைத்தொலைபேசிகள் அறியும். பின்னும்போது பேசலாம்; பாட்டுக் கேட்கலாம்; குழந்தைக்கு வாய்ப்பாடு ஒப்புவிக்கச் சொல்லலாம். மனம் ஒரு சீரில் அமைதியுறும். முடிந்த பின் கையில் ஒரு பொருள் நிற்கும்.

இன்று தலைநகரிலும் அதைச் சூழ்ந்த புது நகரங்களிலும், மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வந்து தங்கியிருக்கும் பெற்றோர்கள் நம்மில் அநேகம் குடும்பங்களில் இருக்கிறார்கள். பத்தாம் மாடிச் சன்னலிலிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டு பொழுதைக் கழிக்கிறார்கள். அவர்களுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று நாம் எண்ணுகிறோம். என் தாயாருக்கு நான் செய்த தவறு அதுவே. பின்னல்தான் என்றில்லை. ஒயர் கூடை தெரிந்தவர் அதைச் செய்யட்டும்; மணி கோக்கத் தெரிந்தவர் கொலுவுக்குத் தோரணம் கோக்கட்டும்; பழைய பட்டுப்புடவைக் கரையில் பொம்மைக்கு உடை தைக்கட்டும். நவராத்திரிக்குக் கடையில் வாங்கிய பத்துப் பொம்மைகளுக்கு நடுவே பாட்டி செய்த ஒன்று இருந்தால், வருகிறவர்களின் கண் முதலில் அதன்மேல்தான் விழும். பேரப்பிள்ளைகள் ஆணானாலும் பெண்ணானாலும் பக்கத்தில் உட்காரட்டும். முற்காலத்து ஐரோப்பாவில் பின்னல் தொழிற்குழுக்கள் ஆடவருடையவையாகவே இருந்தன. ஆகவே இது பெண்களுக்கே உரியது என்று பையன்கள் நழுவ இடமில்லை.

செலவு செய்யத் தயங்குவோர் பழைய ஸ்வெட்டர் ஒன்றிலிருந்தே தொடங்கலாம். தையலைப் பிரித்து, நுனியைத் தேடி இழுத்து, நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்குங்கள். நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, நீரில் அலசி, கீழ் நுனியில் ஒரு சிறு பாரத்தைத் தொங்கவிட்டு உலர்த்தினால் நெளிவு நீங்கிவிடும். பிறகு உருண்டையாகச் சுற்றிக்கொள்ளுங்கள். அப்பா போட்டது மகனுக்கு ஆகும். மகன் போட்டது தம்பியின் தொப்பியும் கையுறையும் ஆகும்.

அம்மா 2009-இல் காலமானார். தலை நுழையாமல் அலறிய அந்தப் பேரன் இன்று பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறான். சென்ற ஆண்டு அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெட்டியிலிருந்த அந்த மிளகாய்ப்பழச் சிவப்பு ஸ்வெட்டரை எடுத்து, கழுத்து விளிம்பில் நுனியைத் தேடினேன். ஒரு கணம் கை தயங்கியது. பிறகு பிரிக்கத் தொடங்கினேன். நூல் எங்கே போகிறது?

குழந்தையின் தொப்பிக்கு 96 கண்ணிகள் ஏற்றியிருக்கிறேன். குளிர் வந்துவிட்டது, சகோதரிகளே. உங்கள் பெட்டியையும் திறந்து பாருங்கள்.